ஏரி வாரியமும் கொசுவும்

உத்திரமேரூர்ச் சபை மண்டபத்தைக் காணச் செல்வோர் குடவோலைக் கல்வெட்டைக் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. நிலமும் மறைப்பயிற்சியும் உடையோர்க்கே அந்த உரிமை இருந்ததால், அதனை மக்களாட்சி என்று கொண்டாடுவது சற்று மிகையே. தேர்தலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆற்றிய பணி யாது என்று கேட்பது அரிது. அவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். ஊரின் நீருக்கு அவர்களே பொறுப்பு. பணிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாது போனவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் மறுமுறை குடத்தில் ஓலையிடப்படும் தகுதியை இழந்தனர்.

அவ்வறுவரும் கொசுவை நினைத்து ஏரியைக் காத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முறைக்காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் சிகந்தராபாதில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் நோய்க்கிருமியைக் கண்ட பிறகே உலகுக்குத் தெளிந்தது. அதற்கு முன்னர் தேங்கிய நீரின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று மேலை மருத்துவர் நம்பினர். மலேரியா என்னும் சொல்லின் பொருளே அதுதான். அந்நம்பிக்கையின் நிழல் இன்றும் முற்றாக நீங்கவில்லை. கொசு என்றதும் ஏரியின் மீது பழி போடுகிறோம்.

உண்மையில் ஒவ்வொரு கொசுவும் தனக்கென ஒரு நீரைத் தேர்ந்து கொள்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கால்வாயோரத்திலும் கிணற்றிலும் உள்ள ஓரளவு தெளிந்த நீரை நாடும். யானைக்கால் நோயைச் சுமக்கும் கியூலெக்ஸ் வகைக்குச் சாக்கடையும் மலக்குழியும் வேண்டும். அதன் உறவுக் கொசு ஒன்று நெல் வயலில் பெருகி, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், நமக்கு அண்மையிலுள்ள வேலூரில்தான். டெங்கு தரும் ஏடிஸோ ஏரிப்பக்கமே போவதில்லை. வீட்டுத் தொட்டியும் உடைந்த சட்டியும் அதற்குப் போதும். நீர் நிறைந்து மீன்கள் உலவும் ஏரியில் கொசுப்புழு பிழைப்பது கடினம். சில ஊர்களில் பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடும் பழக்கத்தை நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். தொல்லை தொடங்குவது வேறிடத்தில்: வரத்துக்கால் அடைபட்டு, மதகின் கீழ்க் கசிவு தேங்கி, கோடையில் வற்றிய ஏரி குட்டை குட்டையாய்ச் சிதறும்போது.

இந்த வேறுபாட்டை மறந்ததன் விலையை நாடு கொடுத்தது. 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் அந்நோயுற்றதாக மதிப்பிட்டனர். சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் பயனாக 1965இல் அது ஏறக்குறைய ஒரு லட்சமாகச் சுருங்கியது. வெற்றி கிட்டிவிட்டதென்ற எண்ணத்தில் கண்காணிப்புத் தளர்ந்தது. கொசுவும் மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. 1976இல் நோயாளிகள் 64 லட்சத்துக்கும் மேல்!

காஞ்சிபுரம் வட்டாரத்தைப் பொறுத்தவரை நெடுநாள் துயரம் யானைக்கால் நோயே. அதன் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக வெளிப்படும். ஆகவே 1955இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் ஊழியர்கள், ஊர் உறங்கும் வேளையில் வீடு வீடாய்ச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுத்தனர். அந்நுண்புழுக்களைக் கொல்லும் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வில் 1940களில் உருவானது. தம் நாட்டில் அது பயன்பட்டதைக் காண அவர் நெடுநாள் இருக்கவில்லை; 1948இல் மறைந்தார். ஆண்டுக்கொரு முறை ஊர் முழுமைக்கும் அம்மாத்திரையை வழங்கும் திட்டம் 2004இல் நாடெங்கும் விரிந்தது. மனிதன் இரத்தத்தில் புழு இல்லையேல் கொசு எதைச் சுமக்கும்? நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சாக்கடை அப்படியே இருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அதிகாரம் உண்டு. தன் இடத்தில் கொசு பெருகும் நீரைத் தேங்க விடுபவரை அது பொறுப்பாளி ஆக்குகிறது. ஆனால் ஏரிக்கு உடையவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்கு மாறின, குடிமராமத்து நலிந்தது. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியும் அதனை உயிர்ப்பிக்க இயலவில்லை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியிலேயே தொடங்கி வைத்தது. வண்டல் அகன்றது, கரை உயர்ந்தது, மகிழ வேண்டியதே. எனினும் கரையைப் பார்ப்பது ஒரு துறை, தெருச் சாக்கடையைப் பார்ப்பது ஊராட்சி, கொசுப்புழுவைத் தேடுவது சுகாதாரத் துறை. ஐப்பசி மழைக்குப் பின் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மதகுக்கும் தெருவுக்கும் இடையே நீர் தேங்கினால், அந்த நீருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் இம்மூவரில் எவர் என்று அவ்வூரார்க்குத் தெரியாது. 921இல் அறுவர் பெயர் தெரிந்திருந்தது.