கராஜ்பேண்டா, லாஜிக்கா?

ஜீவனஹள்ளியில் எங்கள் மாடியறைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இரண்டே தெரு. வண்டி வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் பாட வந்தவரை மைக் முன் நிறுத்துவேன். அப்படியும் சரணத்தின் நடுவில் ஹாரன் விழும். அதனால், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டு வரும் பையன்களிடம், முதலில் ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கு என்பேன்.

கராஜ்பேண்ட், லாஜிக் இரண்டும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனத்தில் பிறந்த லாஜிக், 2002இல் ஆப்பிளிடம் தத்து வந்தது. கராஜ்பேண்ட் 2004 ஜனவரியில் வந்தது. இன்று மேக்குக்கு இலவசம். லாஜிக் ப்ரோவுக்கு அமெரிக்காவில் 200 டாலர். ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைப்பள்ளியில் லாஜிக் கற்பிக்க மேக் கூடங்கள் அமைப்பதாக 2017இல் அறிவிப்பு வந்ததிலிருந்து, பையன்கள் லாஜிக் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை.

காதுக்கு எட்டும் வித்தியாசம் குறைவு. இரண்டிலும் 24 பிட்டில் பதியலாம். மென்பொருளே வாசிக்கும் ட்ரம்மர் இரண்டிலும் உண்டு. கராஜ்பேண்டில் 255 ட்ராக், லாஜிக்கில் 1,000. நான் முப்பதைத் தாண்டியதில்லை.

சிக்கல் தாளத்தில் வரும். கராஜ்பேண்டில் ஒரு பாட்டுக்கு ஒரே தாளக் கணக்கு. 7/8 வைத்தால் மிஸ்ர சாபு ஜோராக ஓடும். பல்லவி ஆதியில், சரணம் மிஸ்ரத்தில் என்றால் திரையில் கோடு ஓரிடம், சமம் வேறிடம். வேகத்தை நடுவில் மாற்றலாம். கணக்கை மாற்ற முடியாது. லாஜிக்கில் இரண்டும் முடியும். விருத்தம் பாடுபவரை க்ளிக்கில் கட்டிப்போட முடியுமா? 2018இல் லாஜிக்கில் சேர்ந்த ஸ்மார்ட் டெம்போ, நல்ல பக்கவாத்தியக்காரர் போலப் பாடுபவரின் பின்னாலேயே போய்க் கோடு போடுகிறது. எனக்கு அந்த 200 டாலர் இதற்கே தகும்.

இன்னொன்று, பாட்டைக் கைமாற்றிக் கொடுப்பது. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, 18 ட்ராக். மிக்ஸ் செய்பவர், வீடியோவுக்கு என்பதால் எல்லாவற்றையும் தனித்தனியாக 48 கிலோஹெர்ட்ஸில் கேட்டார். கராஜ்பேண்ட் வேலை செய்வது 44.1இல். ஒவ்வொன்றாக சோலோ போட்டு 18 முறை வெளியே எடுத்தேன். பதினோராவதில் தபேலாவின் சோலோவை எடுக்க மறந்து, ஆல்டோ குரலோடு அதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். லாஜிக்கில் எல்லா ட்ராக்கையும் ஒரே கட்டளையில் தனித்தனிக் கோப்பாக எடுத்துவிடலாம்.

ஆனாலும் மெட்டு தோன்றியதும் நான் திறப்பது கராஜ்பேண்டைத்தான். அந்தக் கோப்பு லாஜிக்கில் அப்படியே திறக்கும். தாளம் மாறும் இடம் வரும்வரை அங்கே போவதில்லை.