கொச்சிச் சமஸ்தானமும் அதன் குடிமதிப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர் வரிசையிலிருந்து தொடங்குவது மரபு. இரயில்வே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்களோடு காலந்தள்ளிய நாம் தலைக்கணக்கிலிருந்து தொடங்குகிறோம். மன்னர் பெயர்கள் மறந்துபோகும். எத்தனை பேர் இருந்தனர், என்ன உண்டனர், யார் ஆண்டனர் என்னும் மூன்றும் தெரிந்தால் நாடு ஒருவாறு விளங்கிவிடும்.

இன்று வைட்டிலாவில் நாம் குடியிருக்கும் மண், கொச்சிச் சமஸ்தானத்துக் கணயன்னூர்த் தாலுக்காவைச் சேர்ந்தது. 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் திருவிதாங்கூருடன் இணையும்வரை கொச்சி தனி இராச்சியமாக விளங்கிற்று. பரப்பு ஏறத்தாழ 1,400 சதுர மைல்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் மிகச் சிறியதான ரோட் ஐலண்டு மாநிலமும் நீர்ப்பரப்பைச் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே அளவினதே. ஆனால் 1930இல் அங்கே வாழ்ந்தவர் 6,87,497 பேர். அடுத்த ஆண்டு கொச்சியில் எண்ணப்பட்டவரோ 12,05,016 பேர். யந்திர ஆலைகள் நிறைந்த அம்மாநிலத்தைவிட, தென்னையும் நெல்லும் காயலும் நிறைந்த இச்சிறு நாடு நெருக்கமாக மக்களைத் தாங்கியது என்பது வியப்புக்குரியது.

கொச்சியின் முதற் குடிமதிப்பு 1875இல் நடந்தது. அன்றைய தொகை 6,01,114. 1901இல் 8,12,025, 1921இல் 9,79,080, 1941இல் 14,22,875. 1911க்கும் 1921க்கும் இடையே வளர்ச்சி மந்தமாயிற்று. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் இந்தியா முழுவதையும் வாட்டிய பத்தாண்டு அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இன்றைய கொச்சி மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் வாழ்வோர் ஏறக்குறைய ஆறு இலட்சம். அன்று சித்தூர் முதல் கடற்கரை வரை பரந்திருந்த ஒரு நாட்டு மக்கள் அனைவரும் இன்று ஒரு நகருக்குள் அடங்கியதுபோல் ஆயிற்று!

1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 65 பேர் இந்துக்கள், 28 பேர் கிறிஸ்தவர், 7 பேர் முஸ்லிம்கள். யூதர் ஆயிரத்துச் சொச்சம். 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி யூதர் ஆலயம் இன்றும் நிற்கிறது; இஸ்ரேல் நாடு தோன்றியபின் அவர்களிற் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டனர். கொங்கணியர், குஜராத்தியர், கச்சு முஸ்லிம்கள், நம் தமிழர் என மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பல மொழிகள் ஒலித்தன. ஒரே மொழி பேசிய நாடு என்று கொச்சியை எக்காலத்தும் கூறவியலாது.

பொருளாதாரத்தில் நம் துறையைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறோம். சோரனூரிலிருந்து எர்ணாகுளம்வரை இருப்புப்பாதை 1902இல் திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் திரட்டுவது இச்சிறு நாட்டுக்கு எளிதாயில்லை. அப்போது ஆண்ட இராம வர்ம மகாராஜா, திருப்பூணித்துறை பூர்ணத்திரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் பதினான்கை விற்றார் என்பது நாடறிந்த செய்தி. பிற்காலத்தில் அகலப்பாதையாக மாற்றப்பட்ட அந்தத் தடத்தின் வழியேதான் நம் குடும்பங்களிற் பல இந்நகருக்கு வந்து சேர்ந்தன. பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுவர 1907இல் தொடங்கிய டிராம்வே 1963இல் மூடப்பட்டது. மலைச்சரிவில் வண்டிகள் ஏறியிறங்கிய அவ்விந்தையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

துறைமுகக் கதை இதனினும் பெரிது. 1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை அறுத்துக் கால்வாய் வெட்டினார். 1928 மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே 780 ஏக்கர் வெலிங்டன் தீவு. துறைமுகத்துச் சுங்க வருமானத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் பங்குண்டு. காரணம் புவியியல். எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி மகாராஜாவுடையவை; அருகிலுள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. கோட்டையில் குடியிருந்த தமிழர் மதுரைக்காரருடன் ஒரே மாகாணத்தவர். சிறிது தூரம் நடந்து மட்டாஞ்சேரிக் கடைக்குச் சென்றால் வேற்று அரசின் மண்ணில் நின்றார்.

செழிப்பான நாடே எனினும் தனக்கு வேண்டிய அரிசியைக் கொச்சி தானே விளைவித்ததில்லை. பர்மா அரிசியையே நம்பியிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அடுப்புகள் தவித்தன. பங்கீட்டு முறை வந்தது. எண்ணெய், கயிறு, மிளகு என எத்தனை ஏற்றுமதி செய்தாலும் சோற்றுக்கு அயலாரை எதிர்பார்த்தே இந்நாடு வாழ்ந்தது.

ஆட்சிமுறையைப் பற்றிச் சில சொற்கள். 1854இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1925இல் சட்டசபை அமைந்தது. அதில் பெரும்பாலோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1938இல் இரட்டையாட்சி தொடங்கி, சில துறைகள் மக்கள் பிரதிநிதியான அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போது திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழரான ஆர். கே. சண்முகம் செட்டியார். 1935 முதல் 1941 வரை அப்பதவி வகித்த அவரே, பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். வைட்டிலா பஞ்சாயத்தாக இருந்து, 1967 நவம்பர் முதல் நாள் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கிற்று. 2011இல் பேருந்து நிலையமும், 2019இல் மெட்ரோவும், 2023இல் நீர் மெட்ரோவும் வந்த பின்னர் ‘வைட்டிலாவா, அது எங்கே?’ என்று எவரும் கேட்பதில்லை.

தமிழர் இங்கு நேற்று வந்தவரல்லர். சித்தூர்த் தாலுக்கா கோயம்புத்தூர் ஜில்லாவை ஒட்டிக் கிடந்தமையால் அங்கே தமிழ் என்றும் வழங்கிற்று. கொச்சிக் கோட்டையின் வண்ணார் குலத்தார் டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர். துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தோர் வாத்துருத்தியில் குடியேறினர். ஆயினும் குடிமதிப்பு எழுத வருபவர், வீட்டார் சொல்லும் தாய்மொழியையே எழுதுவார். ‘மலையாளம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதானே’ என்று நம் வீடுகளிற் சிலர் சொல்வதை நாம் அறிவோம். 2021இல் நடந்திருக்க வேண்டிய குடிமதிப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அது எடுக்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வெண்ணிக்கை வெறும் ஏட்டுக் கணக்கன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தபோது, தமிழ்ச் சிறுபான்மையோர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்னும் உரிமை அதில் இடம்பெற்றது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய முயல்வது மாநில அரசின் கடமை என்று 1956இல் அரசியற் சட்டத்தில் 350ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு இதற்கொரு அளவு வகுத்தது: ஒரு பள்ளியில் நாற்பது மாணவரோ ஒரு வகுப்பில் பத்து மாணவரோ இருப்பின் தாய்மொழி ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும். நம் காலனிப் பிள்ளைகள் நான்கைந்து பள்ளிகளில் பிரிந்து படிக்கின்றனர். எந்த வகுப்பிலும் பத்துப் பேர் சேரவில்லை. எனவே எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்னும் பட்டியலைச் சங்கம் எடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஜூன் முதல் வாரம் பள்ளிகள் திறக்குமுன் பெயர், வகுப்பு, பள்ளி மூன்றையும் எழுதிச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.