காலரில் இருந்த காரணம்

இரண்டாம் உலகப்போர் காலம். இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியில் தடிப்பு, கொப்புளம், தாங்க முடியாத அரிப்பு. வெள்ளைக்காரர்கள் ரொம்ப நாளாவே அரிப்புன்னா 'டோபி இட்ச்'னு சொல்லி, வண்ணார் வெளுத்த துணிமேல பழி போட்டு வந்தாங்க.

மூன்று ராணுவ மருத்துவர்கள் தடிப்பு எந்த இடத்தில் வருதுன்னு பார்த்தாங்க. சட்டைக் காலரில் வண்ணார் குறி படுகிற அதே இடம்! 1943-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டாங்க. குறி போட்டது சேராங்கொட்டைப் பாலால். துவைத்தாலும் போகாது, அதனாலதான் அந்த மை. தோலைப் புண்ணாக்குவதும் அதேதான். நம்ம சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் சேராங்கொட்டையை மருந்தில் சேர்க்கவே மாட்டாங்க.

அழுக்கு காரணமில்லை, மைதான் காரணம். எனக்கு இதில் பிடிச்சது ஒண்ணுதான்: காரணம் புரியாத தடிப்பு வந்தா, யார்மேல பழி போடலாம்னு தேடாம, அந்த இடத்தில் என்ன பட்டதுன்னு முதல்ல பாருங்க. டாக்டர்கிட்டயும் அதையே சொல்லுங்க.