தீவகத்து முழுக்கும் அரப்பும்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் லெய்டன் என்று பெயரிட்ட ஊர்காவற்றுறைத் தீவிலும், ஹார்லெம் என்றழைத்த நயினாதீவிலும், டெல்ஃப்ற் என்ற நெடுந்தீவிலும் ஆறு என்று ஒன்று இல்லை. சுண்ணக்கற்பாறைக்குள் இறங்கும் மாரிமழை, உவர்நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்பதையே கிணறுகள் தருகின்றன. இந்நீரின் இயல்பை விட்டுவிட்டுத் தீவகத்தாரின் எண்ணெய் முழுக்கை விளங்கிக்கொள்ள இயலாது.

ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் வகுத்த அவ்வழக்கத்தில், நல்லெண்ணெயை உச்சியில் தேய்த்து ஊறவிட்டபின், சீயாக்காய், வெந்தயம், பயறு ஆகியவற்றை அவித்தரைத்துத் தேசிக்காய்ப்புளி சேர்த்த அரப்பால் தலை தோய்ந்தனர். சட்டியில் கரைத்த அக்கபிலநிறக் குழம்பு சவர்க்காரம்போலப் பொங்கி நுரைக்காது. விரலிடுக்கில் வழுவழுத்து, எண்ணெயைப் பற்றிக்கொண்டு, துலாவால் அள்ளிய நீரோடு ஒழுகிப்போகும். சீயாக்காயிலுள்ள சபோனின் என்னும் நுரைபொருள் சுண்ண நீரிலும் தன் வேலையைச் செய்ய, சவர்க்காரமோ அந்நீரின் கல்சியத்தோடு சேர்ந்து வெண்படிவாகத் திரிந்து மயிரில் ஒட்டுகிறது.

எண்ணெயைப் போக்கும் இப்பின்பாதியின் பெறுமதியை நுண்ணுயிரியல் பின்னாளில் துலக்கிற்று. தோல் சுரக்கும் நெய்யின் முதன்மைக் கூறு முக்கிளிசரைட்டு, அதாவது ஒரு கிளிசரோலில் மூன்று கொழுப்பமிலங்கள் கோத்த கொழுப்பு. மயிர்க்குழியில் குடியிருக்கும், 2016இல் கியூட்டிபற்றீரியம் அக்னெஸ் எனப் பெயர் மாறிய பற்றீரியா, லிப்பேசு என்னும் நொதியத்தை வெளிவிட்டு இக்கொழுப்பைப் பிளந்து கிளிசரோலை இரையாக்க, விடுபட்ட கொழுப்பமிலங்கள் குழியின் சுவரை உறுத்துகின்றன; உறுத்தப்பட்ட தோற்கலங்கள் இன்டர்லியூக்கின் எனும் சமிக்ஞைப் புரதங்களை வெளிவிட, வெண்குருதிக் கலங்கள் அவ்விடம் திரண்டு, சிவந்து வீங்கிச் சீழ்வைக்கும் பரு எழுகிறது. பற்றீரியாவின் உடற்கூறுகளை இனங்கண்டு தோல் சீறுவதும் இவ்வழற்சிக்கு வலுவூட்டும்.

தலைப்பொடுகில் இத்தொழிலைச் செய்வது பற்றீரியா அன்று, மலசீசியா என்னும் பூஞ்சை. கொழுப்பைப் பிளந்து அது மிச்சம் வைக்கும் ஒலீயிக் அமிலத்தைத் தாங்காத தலைகளில் செதில் உதிரும். நல்லெண்ணெயும் முக்கிளிசரைட்டே, அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஒலீயிக் அமிலமாதலால், வைத்த எண்ணெயைக் கழுவாது விடுதல் அப்பூஞ்சைக்கு இரையூட்டுவதாகும். எண்ணெய் வைத்தால் பொடுகு தீரும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது, பழைய வழக்கத்தின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்ட பேச்சு. அரப்பை விட்ட முழுக்கை முன்னோர் முழுக்காக எண்ணியதில்லை.

துலா நின்ற இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்து, நன்னீரேடு மெலிந்து உவர் மேலேறிய கிணறுகளில், குடிப்பதற்கே தண்ணீர் தேடும் வீட்டார்க்கு, அரப்பும் எண்ணெயும் முற்றாய்ப் போகுமளவு தலைக்கு வார்க்க நீர் கிடைப்பது அரிதாயிற்று.