கடலைக் காத்த கண்
கற்றலீனா விமானமும் 1942 ஏப்பிரல் நிகழ்ச்சிகளும்

கடற்பரப்பில் ஒரு கப்பற்படை மறைந்து கொள்வதற்குக் காடும் மலையும் வேண்டியதில்லை. தூரமே அதற்குப் போதிய மறைவாகும். 100 அடி உயரமான கம்பத்தில் நின்று நோக்குபவனுக்கு அடிவானம் ஏறத்தாழ 12 மைல் தொலைவில் முடிந்துவிடுகின்றது. 2,000 அடி உயரத்திற் பறப்பவனுக்கோ அது 50 மைலுக்கும் அப்பாற் செல்கின்றது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே கடற்காவல் விமானம் என்ற தனியொரு வகை தோன்றியமைக்கு அடிப்படையாகும்.

அவ்வகை விமானங்களுள் மிகப் பரவலாக வழங்கியது கற்றலீனா எனும் பறக்கும் படகாகும். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் 1942 ஏப்பிரல் 4ஆம் திகதியோடு அதன் பெயர் பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளது. அன்று யப்பானியக் கப்பற்படையைக் கண்டறிந்த விமானியை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று போற்றுவது வழக்காகிவிட்டது. அவ்விமானத்தின் அமைப்பு அதன் வரலாற்றை எவ்வாறு நிர்ணயித்தது என்பதையும், மேற்குறித்த புகழ்மொழி எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

1930களின் தொடக்கத்தில், பசுபிக் சமுத்திரத்தில் யப்பானின் வலிமை பெருகி வருவதை ஐக்கிய அமெரிக்கக் கடற்படை கவலையுடன் நோக்கியது. ஹவாய்க்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல் நீர்ப்பரப்புக் கிடந்தது. அதனைக் கண்காணிக்க, 3,000 மைல் வரை பறக்கவல்ல விமானமொன்று தேவைப்பட்டது. ஓடுபாதைகள் அருகியும் குடாக்களும் கடனீரேரிகளும் மலிந்தும் காணப்பட்ட அப்பிரதேசத்தில், நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் பறக்கும் படகு இயல்பான தெரிவாயிற்று. 1933 ஒக்டோபரில் கொன்சொலிடேற்றட் நிறுவனத்திற்கு மாதிரி விமானத்திற்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதனை வரைந்தவர் ஐசாக் லடன் என்ற பொறியியலாளராவார். 1935 மார்ச் 28ஆம் திகதி அது முதன்முறை பறந்தது.

அமெரிக்கர் இதனைப் ‘பி. பி. வை.’ என்று குறித்தனர். முதலிரு எழுத்துக்கள் காவலையும் குண்டுவீச்சையும், மூன்றாவது எழுத்து ஆக்கிய நிறுவனத்தையும் சுட்டின. கலிபோர்ணியாக் கரைக்கப்பாலுள்ள தீவொன்றின் பெயரால் ‘கற்றலீனா’ என வழங்கியவர் பிரித்தானியர்; 1941இல் அமெரிக்கரும் அப்பெயரையே ஏற்றனர். கனடாவிலும் சோவியத் நாட்டிலும் ஆக்கப்பட்டவை உட்பட, 3,000க்கும் மேற்பட்ட விமானங்கள் இவ்வகையில் உருவாகின.

அமைப்பு

லடனின் வடிவமைப்பு முழுவதையும் ஆட்கொண்ட நோக்கம் வேகமன்று, நீண்டநேரப் பறப்பேயாகும். 104 அடி அகலமுள்ள ஒற்றைச் சிறகு, உடலோடு ஒட்டாது, அதன்மேல் எழுந்த தூண்போன்ற தாங்கியொன்றின் மீது பொருத்தப்பட்டது. இதனால் இயந்திரங்களும் சுழல்விசிறிகளும் தெறிக்கும் கடல்நீரினின்றும் தப்பின; கீழே நோக்குவோரின் பார்வையைச் சிறகு மறைக்கவில்லை. அத்தூணினுள்ளேயே பறப்புப் பொறியியலாளரின் இருக்கை அமைந்தது. சிறகினுள் தனித் தாங்கிகளை வைக்காது, சிறகின் ஒரு பகுதியையே எரிபொருட்டாங்கியாக்கியமையால் பெரும் பாரம் குறைந்தது. நீரிற் சமநிலை காக்கும் மிதவைகள், விமானம் எழுந்ததும் மேல்மடிந்து சிறகு நுனிகளாகவே மாறின. காற்றின் தடையும் அதற்கேற்பக் குறைந்தது.

பின்னைய வகைகளில் உடலின் இருமருங்கும் கண்ணாடிக் குமிழ்கள் பொருத்தப்பட்டன. அவற்றினுள் அமர்ந்தவர் முன்னும் பின்னும் கீழும் நோக்க முடிந்தது. எட்டு அல்லது ஒன்பது பேர் கொண்ட குழுவினர் மாறிமாறி ஓய்வெடுக்கப் படுக்கைகளும், உணவைச் சூடாக்க அடுப்பும் உள்ளே இருந்தன. தலா 1,200 குதிரைவலுவுடைய இரு இயந்திரங்கள் மணிக்கு ஏறத்தாழ 120 மைல் வேகத்தில் இதனைச் செலுத்தின. உச்ச வேகமும் 200 மைலை எட்டவில்லை.

ஈண்டு ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். நெடுந்தூரம் பறக்கவேண்டிய விமானம் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும்; அதன்பொருட்டு அது மெதுவாகப் பறக்க வேண்டும். மெதுவாகப் பறப்பது தேடுவோனுக்கும் நன்மையே. ஆனால் தேடப்பட்டவன் விமானந்தாங்கிக் கப்பலுடன் வரும்போது அதே குணம் சாவுக்கு ஏதுவாகின்றது. கற்றலீனாவினும் மிகக் கூடிய வேகத்தில் யப்பானின் சீரோ போர்விமானங்கள் பறந்தன. காண்பதற்காக ஆக்கப்பட்ட விமானம், கண்டபின் தப்புவதற்காக ஆக்கப்படவில்லை.

இவ்வமைப்பின் பயன் 1941 மே 26ஆம் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தில் வெளிப்பட்டது. பிரித்தானியக் கடற்படை தவறவிட்டிருந்த பிஸ்மார்க் என்ற ஜேர்மனியப் போர்க்கப்பலை, வட அயர்லாந்திலிருந்து சென்ற கற்றலீனா ஒன்று கண்டது. மறுநாள் அக்கப்பல் மூழ்கியது. அந்த எதிரியிடம் போர்விமானங்கள் இருக்கவில்லை. இந்து சமுத்திரத்தில் நிலைமை வேறாயிற்று.

1942 ஏப்பிரல்

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச்சில் அந்தமான் தீவுகள் யப்பானியர் கைப்பட்டன. கொழும்பும் திருகோணமலையும் பிரித்தானியரின் கீழைத்தேயக் கடலாட்சிக்கு எஞ்சிய முக்கிய துறைமுகங்களாயின. காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவி பறக்கும் படகுகளின் தளமாயிற்று. அத்தளத்திற்காக அக்கிராமத்து மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு அகற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு அழிவினின்று தப்பிய சிலவற்றுள் ஒன்றாகும். காவற்றளத்தின் வரலாற்றிலே அதற்கு இடங்கொடுத்த மக்களின் இழப்பும் சேர்த்தெண்ணப்படல் வேண்டும்.

கனேடிய விமானப்படையின் 413ஆம் இலக்க அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சோல் ஏப்பிரல் 2ஆம் திகதி கொக்கலையை அடைந்தார். 4ஆம் திகதி விடியலில் காவற்பறப்பிற்குச் சென்ற அவருடைய கற்றலீனா, மாலை நான்கு மணியளவில், இலங்கைக்குத் தென்கிழக்கே 350 மைலுக்கும் அப்பால் கப்பல்கள் சிலவற்றைக் கண்டது. அவை எவருடையவை என அறிய அவர் அணுகினார். அட்மிரல் நாகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட பெரும்படை அது. கண்ட செய்தியைக் கொழும்புக்குத் திரும்பத்திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கையில் சீரோ விமானங்களின் சூட்டினால் வானொலிக் கருவி சிதைந்தது; விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பேர்ச்சோல் உள்ளிட்ட அறுவர் சிறைப்பட்டு, 1945இல் போர் முடியும்வரை யப்பானில் வாடினர்.

எச்சரிக்கையின் பெறுமதி

பேர்ச்சோலின் செய்தி இல்லையேல் இலங்கை அறியாமையில் தாக்குண்டிருக்கும் என்பது பொதுவான கருத்து. இது முழுமையான உண்மையன்று. யப்பானியரின் இரகசியச் செய்திகளை ஆராய்ந்த பிரித்தானியப் பிரிவு, ஏப்பிரல் முதலாந்திகதியளவில் தாக்குதல் நிகழக்கூடும் என மார்ச் இறுதியிலேயே உணர்த்தியிருந்தது. அட்மிரல் சொமவில் தமது கப்பற்படையோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்து, எதிரியைக் காணாது, 2ஆம் திகதி இரவு மாலைதீவின் அட்டு தீவுத்தொகுதியை நோக்கித் திரும்பினார். எனவே கற்றலீனா புதிதாக அளித்தது, தாக்குதல் வரும் என்ற எண்ணத்தையன்று. ‘இங்கே, இப்பொழுது’ என்ற நிச்சயத்தையே.

அந்நிச்சயத்தின் விளைவுகளும் ஒரே தன்மையன அல்ல. கொழும்புத் துறைமுகத்தினின்றும் பல கப்பல்கள் அன்றிரவே வெளியேறித் தப்பின. ஆயினும் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் 125 அளவிலான யப்பானிய விமானங்கள் கொழும்பை நெருங்கியபோது, இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் போர்விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன. முதல்நாள் மாலையில் 350 மைலுக்கு அப்பால் காணப்பட்ட எதிரி, மறுநாட் காலையில் தலைக்கு மேல் வந்தபோது காணப்படவில்லை.

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. கற்றலீனாவின் செய்தி கிடைத்ததும், கொழும்பிலிருந்த டோசெற்ஷயர், கோண்வோல் எனும் இரு குறூசர் கப்பல்கள் சொமவிலின் படையோடு சேருமாறு கடலுக்கு அனுப்பப்பட்டன. மறுநாட் பிற்பகல் யப்பானியர் அவற்றைத் திறந்த கடலிற் கண்டு மூழ்கடித்தனர். 424 பேர் மாண்டனர். 8ஆம் திகதி மீண்டும் ஒரு கற்றலீனா எதிரியைக் கண்டு அறிவித்தது. அவ்வெச்சரிக்கையால் திருகோணமலையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் எனும் விமானந்தாங்கிக் கப்பல், 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஒரே எச்சரிக்கை சிலரைக் காத்தது. சிலரைச் சாவின் வழியில் அனுப்பியது. பழி விமானத்தினதன்று. காண்பதும் கூறுவதும் அதன் பணி; கேட்டதைக் கொண்டு முடிவு செய்வது கரையிலுள்ளோர் பணி.

ஒருவர் புகழில் ஏனையோர் மறைந்தமையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 5ஆம் திகதி எதிரியைப் பின்தொடர்ந்த கிரகாம் என்பவரின் கற்றலீனாவும், 9ஆம் திகதி தோமஸ் என்பவரின் கற்றலீனாவும் சுடப்பட்டன. அவற்றிற் சென்றவருள் ஒருவரேனும் மீளவில்லை. பேர்ச்சோல் உயிர் தப்பியமையால் அவர் கதை எஞ்சியது. அதே கடமையைச் செய்து மாண்டவர்க்கோ தம் கதையைக் கூற வாய்ப்பில்லை. சான்று விட்டுச் சென்றோரையே வரலாறு பெரிதும் நினைவுகூர்கின்றது என்பதை மாணவராகிய நாம் மறத்தலாகாது.

முடிவுரை

கொக்கலை வாவி பின்னர் வேறொரு சாதனைக்கும் களமாயிற்று. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் கற்றலீனாக்களைச் செலுத்தியது. எதிரியின் ஆதிக்கத்திலிருந்த பகுதியை ஒட்டி, வானொலி மௌனங் காத்து, விண்மீன்களை வழிகாட்டியாகக் கொண்டு, ஏறத்தாழ 3,500 மைல் தூரத்தை 27 முதல் 33 மணித்தியாலங்களிற் கடந்த இவற்றிற் சென்றோர் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். வேகத்தைத் துறந்து தூரத்தைப் பெற்ற வடிவமைப்பின் வெற்றி இதுவாகும்.

பறக்கும் படகின் காலம் கழிந்து, ஒராயன் போன்ற தரைத்தள விமானங்கள் கடற்காவலை ஏற்றன. 2022 ஓகத்தில் இந்தியா இலங்கைக்கு அளித்த டோனியர் விமானமும் இப்பணிக்கானதே. கருவிகள் மாறியுள்ளன, அடிப்படை மாறவில்லை. கண்ணின் கூர்மை எத்துணை வளரினும், கண்டதைக் கேட்டு உரிய வேளையில் உரியவாறு செயற்படும் மனம் இல்லாவிடத்து, அக்காட்சிக்கு உயிரை விலையாகக் கொடுத்தவரின் தியாகம் பாதியளவே பயன்படும். 1942 ஏப்பிரல் நமக்குணர்த்தும் பாடம் இதுவேயாகும்.