சிவகாசி காமிக்ஸ் நாயகர் அணி

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் பூமியில் அமைந்த ஊர் சிவகாசி. அங்கிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வெளிவருகின்றன. இந்த இரு இதழ்களிலும் வலம்வந்த சாகச வீரர்களையே சிவகாசி காமிக்ஸ் நாயகர் அணி என்ற பெயரில் இங்கு தொகுத்துக் காண்கிறோம். இவர்கள் பிறந்த நாடுகள் வேறு, படைத்தவர்களும் வேறு. ஆனால் தமிழ் வாசகர் மனத்தில் இவர்கள் ஒரே குடும்பம். அரை நூற்றாண்டில் இந்த அணியின் உறுப்பினர்கள் பலமுறை மாறியுள்ளனர். ஒவ்வொரு மாற்றமும் வாசகரின் வயதோடும் காலத்தின் நெருக்கடியோடும் சேர்ந்தே நடந்தது.

பின்னணி

மழை குறைந்த சிவகாசி தொழிலை நம்பி வளர்ந்த ஊர். 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் தீப்பெட்டி ஆலைகள் பெருகின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள்கள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழிலும் வேரூன்றியது. காலண்டரும் டைரியும் அச்சிட்ட அந்த ஊரில் படக்கதை இதழ் ஒன்றைத் தொடங்க அச்சகமும் ஆட்களும் ஏற்கெனவே தயாராக இருந்தனர்.

முதல் அணி: மும்மூர்த்திகள்

மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் அறிமுகமான கதை அது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலக்கையை இழந்த நாயகனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். யாருமற்ற அறையில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து கதவின் தாழ்ப்பாளைத் திறப்பதைப் பார்த்த சிறுவன் அதை எளிதில் மறக்கமாட்டான். பிளாஸ்கோவின் ஆழ்ந்த கறுப்பு நிழல்கள் மலிவான தாளில்கூட அந்தத் திகிலைக் காப்பாற்றின.

மாயாவியோடு உளவாளி ஜானி நீரோவும், லாரன்ஸ்–டேவிட் இணையும் சேர, வாசகர்கள் இவர்களை ‘மும்மூர்த்திகள்’ என்றே அழைத்தனர். மாயாவி ஒருவருக்கே அதிசய சக்தி உண்டு, மற்றவர்கள் துணிச்சலையும் துப்பாக்கியையும் நம்பியவர்கள். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி ஆகிய அமெரிக்கச் செய்தித்தாள் நாயகர்களும் முத்து காமிக்ஸில் இடம்பெற்றனர்.

1984: புதியவர்கள் வருகை

1984 ஜூலையில் தமிழ்ப் படக்கதை உலகம் சூடுபிடித்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்ட் கதையுடன் களமிறங்கியது.

லயனின் அணியை நிலைநிறுத்தியவர்கள் ஸ்பைடரும் ஆர்ச்சியும். குற்றவுலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டு, பிறகு தீயவர்களை எதிர்க்கும் பக்கம் வந்தவன் ஸ்பைடர். அவனது கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். ஆர்ச்சி பேசும் இயந்திர மனிதன், கோட்டை வடிவிலான கால இயந்திரத்தில் யுகம் விட்டு யுகம் செல்பவன். வாசகர்கள் அவனுக்குச் செல்லமாக வைத்த பெயர் ‘சட்டித் தலையன்’.

வன்மேற்குக்குத் திரும்புதல்

அதிசய சக்தி நாயகர்களின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பத்து வயதில் ஸ்பைடரைக் கொண்டாடியவர்கள் வளர்ந்ததும் அழுத்தமான கதைகளைத் தேடினர். 1985-இலேயே ‘தலைவாங்கிக் குரங்கு’ வழியாக இத்தாலியின் டெக்ஸ் வில்லர் வந்திருந்தார். நண்பர் கிட் கார்சன், மகன் கிட், டைகர் ஜாக் என்று அவரே ஒரு நால்வர் அணியைக் கூட்டி வந்தார். பெல்ஜியத்தின் லக்கி லூக் சிரிப்பைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படைப்பான ‘புளூபெர்ரி’ தமிழில் கேப்டன் டைகர் ஆனார். நினைவிழந்து, உடலில் பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் சுமந்து அலைபவனின் கதை ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. மறையும் சக்தியோ இயந்திர உடலோ இவர்களுக்கு இல்லை. தவறு செய்கிறார்கள், காயப்படுகிறார்கள். அதனால்தான் வளர்ந்த வாசகர் இவர்களோடு தங்கிவிட்டார்.

புதிய அச்சுறுத்தல்

அணிக்கு வந்த பெரிய ஆபத்து கதைக்கு வெளியிலிருந்து வந்தது. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகி, 1997-இல் ‘சக்திமான்’ தூர்தர்ஷனில் பறக்கத் தொடங்கியபோது, காசு கொடுத்து வாங்காமலேயே சாகசம் வீட்டுக்குள் வந்தது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. சிவகாசி இதழ்களும் இடைவெளி விட்டு, திணறித் திணறியே வந்தன.

மீட்சி 2012 ஜனவரியில் நிகழ்ந்தது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 100 ரூபாய் விலையில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வெளியானது. பெட்டிக்கடை விற்பனையை நம்பிய முறை மாறி, ஆண்டுச் சந்தாவும் புத்தகத் திருவிழாக்களும் ஆதாரமாயின. வழவழப்பான தாளில் முழு வண்ணத்தில் கதைகள் வந்தன. பெரும் வணிகக் குழுமத்தின் வாரிசான லார்கோ வின்ச் போன்ற புதியவர்கள் சேர்ந்தனர். மும்மூர்த்திகளும் மறுபதிப்புகளில் திரும்பி வந்தனர். 2022-இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது.

மதிப்பீடு

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருப்பது அரிய சாதனை. உறுப்பினர்களை மாற்றத் தயங்காத ஆசிரியர்களும், மாற்றத்தோடு சண்டையிட்டாலும் விலகாத வாசகர்களும் அதைச் சாத்தியமாக்கினர். எனினும் இரண்டு குறைகள் உள்ளன. வாங்குவோரில் பெரும்பகுதியினர் அன்றைய சிறுவர்களே, கைப்பேசியோடு வளரும் தலைமுறைக்கு மாயாவி இன்னும் அறிமுகமாகவில்லை. மேலும், இந்த அணியின் முன்வரிசை நாயகர்கள் அனைவரும் அயல்நாட்டில் பிறந்தவர்கள். அச்சகமும் ஆசிரியரும் வாசகரும் உள்ள மண்ணில் ஒரு தமிழ் நாயகனையோ நாயகியையோ எழுதி வரைய வைப்பதே அடுத்த அணி மாற்றமாக அமைய வேண்டும். அப்போது பத்து வயதுப் பிள்ளைகளும் வாசகர் வரிசைக்குத் திரும்ப வழி பிறக்கும்.