பெர்மா தவறவிட்ட எண்

4,29,49,67,297 என்னும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இது. ஒரு பேரறிஞரின் பிழைக்கு இவ்வெண் சான்றாக நிற்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்தவர் பெர்மா. கணிதம் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேரத்து உவகை. 2ஐ 1, 2, 4, 8, 16 என்னும் அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 என்பன வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதே நமது எண். இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று பெர்மா 1640ஆம் ஆண்டில் நண்பர்களுக்கு எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். நம்பிக்கை மட்டும் தளரவில்லை.

சோதித்துப் பார்த்திருக்கலாகாதா என்று கேட்பீர்கள். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65,536ஐச் சற்றே தாண்டும். அதற்குட்பட்ட பகா எண்கள் 6,542. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது எளிதன்று. ஆயினும் அவ்வளவு உழைப்புத் தேவையே இல்லை. அதே ஆண்டில் பெர்மா கண்ட தேற்றத்தினின்றே ஓர் உண்மை கிடைக்கிறது: இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அது 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. முதல் நான்கும் வகுக்கா; ஐந்தாவது வகுத்துவிடும்! இத்தகைய வழியைக் கொண்டே வேறொரு பேரெண், அதாவது 2இன் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது, 223ஆல் வகுபடும் என்று அவரே கண்டார். கருவி கையிலிருந்தும் இங்கே எப்படித் தவறினார் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1729 டிசம்பரில் கோல்டுபாக் என்பவர் பெர்மாவின் கூற்றைப் பற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்திலிருந்த ஆய்லர் முதலில் அதைப் பெரிதாகக் கருதவில்லை. பின்னர் 1732இல், தமது இருபத்தைந்தாம் வயதில், 641 × 6700417 என்று அதைப் பிரித்துக் காட்டினார். கண்ட வழியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளக்கினார்.

கல்லூரி மாணவர் நீண்ட வகுத்தலின்றியே இதனைக் காணலாம். 641 என்பது 5 × 128 + 1. ஆதலின் 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதற்கு மீதி −1. நான்காம் அடுக்கை எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பதற்கு மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16. ஆகவே 5⁴க்குப் பதிலாக −2⁴ என்று இடலாம். −2³² என்பதற்கு மீதி 1; எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

பெர்மாவின் கணிப்புப் பொய்த்தது. வரிசை பயனற்றுப் போகவில்லை. 1796இல் பதினெட்டு வயதுக் காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று காட்டியபோது, 17 என்னும் அதே பெர்மா எண்தான் அதற்கு இடமளித்தது. மின்கணிப்பொறிகள் வந்த பின்னும் அவ்வரிசையில் ஆறாவது பகா எண் அகப்படவில்லை. அறிந்த ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள்: 4,29,49,67,295 வரும். அத்தனை பக்கங்களுடைய ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கையளவில் வரைய இயலும். இரண்டே பக்கம் மிகுந்த நமது எண்ணுக்கு அது இயலாது.